கருமந்தியின் வம்சாவளி

நீலகிரிச் சோலைகளில் வாழும் கருமந்தி எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி நம்மவர் பலருக்கு நகைப்பையே உண்டாக்கும். தேசத்தில் தீர்க்கவேண்டிய பிரச்னைகள் ஆயிரம் இருக்க, குரங்கின் குலத்தை விசாரிக்க இப்பொழுது என்ன அவசரம் என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் கூறும் பதில் இது: ஒரு காட்டை வைத்துக்கொள்வதா, வெட்டி எறிவதா என்ற தீர்மானம் வரும்போதெல்லாம், அங்கு வாழும் உயிர்களுக்கு ஈடு வேறிடத்தில் உண்டா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல, அவ்வுயிர்களின் உறவுமுறை தெரிந்திருக்க வேண்டும். உறவுமுறையைத் தவறாக எழுதி வைத்திருந்தால் பதிலும் தவறாகும். ஒருமுறை அழிந்த காட்டை அப்பீல் செய்து மீட்க முடியாது.

நீலகிரி ஜில்லாவிலும் அதை ஒட்டிய காடுகளிலும் நால்வகைக் குரங்குகள் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் பிரயாணிகளின் கைப்பண்டத்தைப் பறிப்பது நாட்டுக் குரங்கு. முதுமலையின் வறண்ட காட்டில் மான் கூட்டங்களுக்கு மேலே மரக்கிளையில் அமர்ந்திருப்பது சாம்பல் மந்தி. உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எஞ்சி நிற்கும் சோலைகளில் வாழ்வது கருமந்தி. உடல் முழுவதும் கறுப்பு, தலையில் மட்டும் பழுப்புப் பொன்னிற மயிர். மேற்குச் சரிவில், அமைதிப் பள்ளத்தாக்கு வரை பரந்து கிடக்கும் மழைக்காட்டில் வாழ்வது சிங்கவால் குரங்கு. இதுவும் கறுப்பே; முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியும், வாலின் நுனியில் சிங்கத்தைப்போல் ஒரு குஞ்சமும் இதன் அடையாளங்கள்.

பின்னே சொன்ன இரண்டையும் சேர்த்துக் ‘கருங்குரங்கு’ என்றே பலர் அழைக்கிறார்கள். ஆனால் நம் முன்னோர்கள் இவ்விஷயத்தில் இவ்வளவு அசிரத்தையாக இருக்கவில்லை. குரங்கு, முசு, ஊகம் என்று மூன்று பெயர்களைப் பிரித்துச் சொல்லி, மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்ற பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது. பெண்ணுக்குரிய பெயர் பிற்காலத்தில் ஓர் இனத்திற்கே பெயராகிவிட்டது. கன்னத்தில் இரையை அடக்கிக்கொள்ளும் குரங்கு வேறு, பல அறைகளுள்ள வயிற்றில் இலையைச் செரிக்கும் மந்தி வேறு என்று உடற்கூறு நூலார் பின்னர் கண்ட பிரிவினையை, காட்டோடு பழகிய மக்கள் கண்ணாலேயே ஏறத்தாழக் கண்டு வைத்திருந்தனர்.

ஐரோப்பிய நூலார் இவற்றுக்குப் பெயரிட்ட சரித்திரம் விசித்திரமானது. சிங்கவால் குரங்கை 1758-ஆம் வருஷத்தில் தம் நூலில் பதிவு செய்த ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், அது வாழும் இடம் இலங்கை என்று எழுதிவிட்டார். இலங்கையில் அந்தக் குரங்கு கிடையாது. அதற்கு ஆங்கில நூல்களில் வெகுகாலம் வழங்கிவந்த ‘வாண்டரூ’ என்ற பெயரும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. சிங்களவர் அச்சொல்லால் குறிப்பது தம் தீவிலுள்ள இலைதின்னி மந்தியை. ஆக, ஊரும் மாறிற்று, பெயரும் மாறிற்று. கருமந்திக்கு 1829-ல் சாஸ்திரப் பெயர் இட்டவர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர். அதிலுள்ள ‘ஜான்’ என்ற பகுதி, தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனில் பணிபுரிந்த ஜான் பாதிரியாரை நினைவூட்டுவது. நீலகிரியில் வாழும் ஜீவன், கடற்கரைப் பாதிரியாரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. இவர்களை நாம் பழிக்கவில்லை. கப்பலில் வந்து சேர்ந்த தோலையும் எலும்பையும் கூண்டில் அடைபட்ட ஒன்றிரண்டு பிராணிகளையும் வைத்துக்கொண்டு, தம்மால் இயன்றதைச் செய்தார்கள்.

பெயர்ப் பிழையைவிடப் பெரியது குலப் பிழை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த போக்காக் என்பவர் 1939-ல் வெளிவந்த தம் நூலில் கருமந்தியையும், இலங்கையின் ஊதாமுக மந்தியையும் ‘காசி’ என்ற தனிப் பேரினத்தில் வைத்தார். பின்வந்தவர்களில் பலர் அவ்விரண்டையும் அங்கிருந்து எடுத்து, பர்மா, மலேயா, ஜாவா ஆகிய கீழ்த்திசை நாடுகளில் வாழும் ‘டிராக்கிபிதெகஸ்’ என்ற மந்திகளின் கூட்டத்தில் சேர்த்தார்கள். இந்தியா எங்கும் பரவியிருக்கும் சாம்பல் மந்தியோ, ‘செம்னோபிதெகஸ்’ என்ற வேறு பேரினத்தில் இருந்தது. அதாவது, முதுமலையிலுள்ள சாம்பல் மந்தியும் அதற்குச் சில மைல் மேலே உதகைச் சோலையிலுள்ள கருமந்தியும் அந்நியர். உதகைக் கருமந்திக்குச் சுற்றத்தார் ஜாவாவில் இருக்கிறார்கள் என்பது ஏட்டில் ஏறிய தீர்ப்பு.

இத்தீர்ப்புக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மண்டை ஓட்டின் அமைப்பையும் ரோமத்தின் நிறத்தையும் பார்த்தார்கள். பிறந்த குட்டியின் நிறத்தையும் பார்த்தார்கள்: சாம்பல் மந்தியின் குட்டி கறுத்துப் பிறக்கிறது, கீழ்த்திசை மந்திகள் பலவற்றின் குட்டி செம்மஞ்சளாகப் பிறக்கிறது, கருமந்தியின் குட்டி செம்பழுப்பு. ஆகவே கருமந்தி கீழ்த்திசைக் குலத்தது என்றார்கள். ஆனால் சாயலைக் கொண்டு உறவை நிச்சயிப்பதிலுள்ள அபாயத்தை நம் நியாயஸ்தலங்கள் நன்கு அறியும். ஈரமிகுந்த காட்டில் வாழும் பிராணிகளுக்கு ரோமம் கறுப்பது பல தேசங்களில் கண்ட விஷயம். ஒரேவிதமான காட்டில் வாழ்ந்த காரணத்தாலேயே இருவேறு குலத்தவர் ஒத்த நிறம் பெறலாம். வெவ்வேறு காட்டுக்குப் பிரிந்துபோன உடன்பிறந்தார் நிறம் மாறலாம். சாயல் ஒரு சாட்சிதான். ஆனால் குறுக்கு விசாரணையில் நிலைக்காத சாட்சி.

நிலைக்கக்கூடிய சாட்சி ஒவ்வோர் உயிரின் அணுக்களுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது. டி.என்.ஏ. என்ற அந்த மரபணு ஏட்டின் வடிவம் 1953-ல் தெரியவந்தது. நான்கே எழுத்துக்களால் ஆன அதன் வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கும் நல்ல முறை 1977-ல் வகுக்கப்பட்டது. அதைக்கொண்டு வம்சாவளி காண்பது எப்படி என்பதைத் தமிழருக்கு விளக்குவது எளிது. சாமிநாதையரவர்கள் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கினார். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுபவன் ஓரிடத்தில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால், அவன் பிரதியைப் பார்த்து எழுதியவர்கள் அனைவரிடமும் அதே பிழை தொடரும். இரண்டு பிரதிகள் பல இடங்களில் ஒரே பிழையைக் கொண்டிருந்தால், அவை ஒரு தாய்ப் பிரதியிலிருந்து வந்தவை என்று துணியலாம். ஓலையின் நிறமும் கட்டின் அழகும் இதற்குச் சாட்சியல்ல. மரபணு ஏடும் தலைமுறைதோறும் பிரதி செய்யப்படுகிறது. அதிலும் அரிதாக எழுத்து மாறுகிறது. மாறிய எழுத்து சந்ததியில் தொடர்கிறது. எத்தனை எழுத்துக்கள் வேறுபடுகின்றன என்று எண்ணினால், இரு குலங்கள் பிரிந்து எவ்வளவு காலமாயிற்று என்பதையும் ஒருவாறு மதிப்பிடலாம். இதற்காகப் பிராணியைச் சுட்டு வீழ்த்த வேண்டியதும் இல்லை. உதிர்ந்த ரோமத்திலும், மரத்தடியில் கிடக்கும் எச்சத்திலும் அந்த ஏட்டின் துணுக்குகள் கிடைக்கின்றன.

நம் கோர்ட்டுகளுக்கும் இது புதிதல்ல. தலைச்சேரியில் எழுந்த ஒரு வழக்கில், குழந்தையின் தந்தை யார் என்பதைத் தீர்க்க ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங் டி.என்.ஏ. சாட்சியம் அளித்தார், 1991-ல் கேரள ஹைகோர்ட்டும் அதை ஏற்றது. மனிதர் வழக்கில் சாட்சி சொன்ன அதே விஞ்ஞானி, மந்தியின் வழக்கிலும் பங்குகொண்டார். பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தின் பிரவீண் கரந்த், லால்ஜி சிங், அமெரிக்காவில் ஆல்பனி நகரத்துக் காரோ-பெத் ஸ்டூவர்ட் முதலியோர் சேர்ந்து, தெற்காசிய மந்திகளின் மரபணுக்களை ஒப்புநோக்கி 1 முடிவை 2008-ல் வெளியிட்டனர். தாய்வழியாக மட்டும் இறங்கும் ‘சைட்டோகுரோம் பி’ என்ற மரபணுவை எடுத்தார்கள். அதில் சுமார் 1,140 எழுத்துக்கள் உண்டு. அத்தோடு நில்லாமல் இருவழியிலும் இறங்கும் வேறு மரபணுக்களையும் எடுத்தார்கள். நீலகிரிக் கருமந்தியும் இலங்கை ஊதாமுக மந்தியும் நம் சாம்பல் மந்தியின் கிளையைச் சேர்ந்தவை; கீழ்த்திசை மந்திகளின் கிளையைச் சேர்ந்தவையல்ல என்பது அவர்கள் முடிவு. அதே 2008-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் தம் வழியில் ஆராய்ந்து, கருமந்தியைப் பற்றி இதே முடிவுக்கு வந்தனர். தனித்தனியே விசாரித்த இருவர் ஒரே தீர்ப்பு அளித்தபின் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

ஆக, கருமந்தி இந்த மண்ணின் குலம். வறண்ட காட்டில் வாழும் அதன் சுற்றம் சாம்பல் நிறமாக இருக்க, மலைச்சோலையில் வாழ்ந்த கிளை கறுத்தது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த குளிர் யுகங்களில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பாக் ஜலசந்தி தரையாக இருந்தது. ஆகவே கடலுக்கு அப்பாலும் அதன் சுற்றம் இருப்பதில் வியப்பில்லை.

சிங்கவால் குரங்கின் கதை இதற்கு நேர் எதிரானது. அதே மலைத்தொடரில், அதே கறுப்பு நிறத்தோடு வாழும் இதன் உறவினர் நம் தெருவிலுள்ள நாட்டுக் குரங்கு அல்ல. நாட்டுக் குரங்கின் நெருங்கிய சுற்றத்தில் ஒன்று இலங்கைக் குரங்கு. சிங்கவால் குரங்கின் சுற்றமோ அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவுக்குத் தெற்கே தொடங்கி, பர்மா, மலேயா, சுமத்ரா, போர்னியோ, செலிபிஸ் தீவு வரை பரவியிருக்கும் பன்றிவால் குரங்குகளும் அவற்றின் இனத்தாரும் ஆகும். இடையே ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட தூரத்தில் இந்தக் கிளையின் ஒரு குரங்கும் இல்லை. முற்காலத்தில் மேற்கு மலைக்கும் அஸ்ஸாமுக்கும் இடையே ஈரக்காடுகள் தொடர்ந்திருந்தன என்றும், தேசம் வறண்டபோது அவை மறைந்து, மேற்கு மலையில் இந்த ஒரு கூட்டம் தனித்து நின்றுவிட்டது என்றும் அறிஞர் கருதுகிறார்கள். ஒரு மலையில் வாழும் இரு கறுப்புக் குரங்குகளில் ஒன்றின் குடும்பம் நம் சமவெளியில் இருக்கிறது. மற்றொன்றின் குடும்பம் செலிபிஸில் இருக்கிறது. கண்ணை மட்டும் நம்பியவர் இதை எப்படி அறிந்திருக்க முடியும்?

சிங்கவால் குரங்கைப் பற்றிய இன்னொரு விஷயம், நாம் இக்கட்டுரையை எழுதுவதற்கே முக்கியக் காரணம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. ரயிலில் போகிறவர் அரைமணியில் கடந்துவிடும் இந்தப் பள்ளம், மரத்தைவிட்டு இறங்க விரும்பாத ஜீவனுக்குச் சமுத்திரம் போன்றது. ஹைதராபாத் மையத்தினரும் பிறரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது. கணவாய்க்கு வடக்கிலுள்ள சிங்கவால் குரங்குகளும் தெற்கிலுள்ளவையும் பிரிந்து சுமார் 20 லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அது காட்டுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மரபணு ஏட்டில் அவை இரு பிரதிகள்.

இதன் பொருள் என்ன? வடக்கிலுள்ள கூட்டம் அழிந்தால் ஆனைமலையிலிருந்து பிடித்துவந்து நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் தவறு. ஒன்று போனால் மற்றொன்று அதற்கு ஈடாகாது. அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையை அணைகட்டித் தடுக்கும் திட்டத்துக்கு 1973-ல் அனுமதி கிடைத்ததும், அதற்கு எதிராகக் கேரளத்தில் ஆசிரியர்களும் கவிஞர்களும் விஞ்ஞானிகளும் கிளர்ச்சி செய்ததும், முடிவில் திட்டம் கைவிடப்பட்டு 1984-ல் அக்காடு தேசியப் பூங்காவானதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கிளர்ச்சியின் கொடியாக விளங்கியது இந்தச் சிங்கவால் குரங்கே. வடகூட்டத்தின் தனிமை அந்நாளில் எவருக்கும் தெரியாது. தெரியாமலே காப்பாற்றினார்கள். தெரிந்த நாம் அலட்சியமாக இருந்தால் நம்மை எவ்விதம் மன்னிப்பது?

மரபணுச் சாட்சியமும் கவனமாக விசாரிக்கப்பட வேண்டியதே. அஸ்ஸாம் பக்கத்துத் தொப்பி மந்தியையும் பொன் மந்தியையும் ஆராய்ந்தபோது, தாய்வழி மரபணு அவை நம் சாம்பல் மந்தியின் கிளை என்றது; தந்தைவழி இறங்கும் மரபணு கீழ்த்திசைக் கிளை என்றது. இரு சாட்சிகளில் ஒன்று பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. முன்னொரு காலத்தில் இரு குலங்களும் எல்லையில் கலந்திருக்க வேண்டும், அக்கலப்பின் வழிவந்தவை இவை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஒரே பத்திரத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதாமல், எதிர்ப்பத்திரத்தையும் வரவழைத்துப் பார்க்கும் நிதானம் இவ்விஞ்ஞானத்தில் இருப்பதால்தான் அதை நாம் நம்புகிறோம்.

குரங்குகளோடு இவ்விஷயம் நிற்கவில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை, இமயமலைத் தார் ஆட்டோடு ஒரே பேரினத்தில் வெகுகாலம் எழுதிவைத்திருந்தார்கள். 2005-ல் பாரிஸ் ஆராய்ச்சியாளர் மரபணுவை ஒப்புநோக்கி, அது செம்மறி இனத்துக்கே நெருங்கியது என்று கண்டு, ‘நீல்கிரிட்ராகஸ்’ என்று நம் மலையின் பெயராலேயே தனிப் பேரினம் வகுத்தார்கள். வரையாட்டின் பேரினத்தில் வேறு எந்த ஜீவனும் இல்லை. இமயத்தில் அதற்கு அண்ணன் தம்பி இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருக்க இனி வழியில்லை.

இந்த மலையில் மனிதன் செய்திருப்பதை எண்ணிப் பார்ப்போம். ஸல்லிவன் துரை 1819-ல் உதகை மேட்டுக்கு ஏறியபின், ஒரு நூற்றாண்டுக்குள் சோலைகளும் புல்வெளிகளும் தேயிலைக்கும், யூகலிப்டஸுக்கும், சீகை மரத்துக்கும் இடம் விட்டன. எஞ்சிய சோலைகள் ஓடை பாயும் மடுக்களில் துண்டு துண்டாக நிற்கின்றன. தேயிலை ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதைப் பிடுங்கி எறியவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு சோலைத் துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே மரவரிசை இல்லாவிட்டால், அங்குள்ள கருமந்திக் கூட்டம் தீவில் அகப்பட்டதுபோலாகிறது. தனக்குள்ளேயே இணையும் சிறு கூட்டத்தின் மரபணு ஏட்டில் வகைகள் குறைந்துகொண்டே வரும். நோய் வந்தால் தாங்கும் சக்தி குறையும்.

நம்மவர் செய்த கொடுமையையும் மறைக்கலாகாது. கருங்குரங்கு ரசாயனம் பலம் தரும் என்ற மூடநம்பிக்கையால் கருமந்திகளை வெகுகாலம் வேட்டையாடிக் கொன்றார்கள். 1972-ஆம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டம் கருமந்தியையும் சிங்கவால் குரங்கையும் முதல் அட்டவணையில் சேர்த்து அதைத் தடுத்தது. அப்படியிருந்தும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்கில், உலகிலுள்ள பருவமடைந்த சிங்கவால் குரங்குகள் 2,500-க்கும் குறைவு. கருமந்தியும் அபாயத்துக்கு உட்பட்ட பட்டியலில்தான் இருக்கிறது. தெருக்குரங்குதானே என்று நாம் எண்ணும் நாட்டுக் குரங்கும் தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. வடக்கிலிருந்து பரவிவரும் செம்முகக் குரங்கின் நெருக்கடியால் அதன் எல்லையும் சுருங்கி வருகிறது.

ஆகவே செய்யவேண்டியவை என்ன? சோலைத் துண்டுகளை நாட்டு மரங்களால் இணைக்கும் வேலையை, தோட்ட முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டு சர்க்கார் முறையாக நடத்த வேண்டும். சாலையோ, மின்கம்பியோ, அணையோ திட்டமிடும்போது, அவ்விடத்து ஜீவராசியின் மரபணுக் கிளை எது, அக்கிளை வேறெங்கு உண்டு என்ற கேள்விக்கு எழுத்துமூலம் பதில் பெறாமல் அனுமதி தரலாகாது. கணவாயின் இருபுறத்துச் சிங்கவால் குரங்குகளை மிருகக்காட்சி சாலைகளில் கலந்து வளர்க்கலாகாது. மலைப்பாதையில் போகும் பிரயாணிகள் குரங்குக்குப் பண்டம் எறிவதை நிறுத்த வேண்டும். அது தர்மமல்ல, அந்த ஜீவனைச் சாலைக்கு இழுத்துச் சக்கரத்தில் கொடுப்பது. நம் பாடப்புத்தகங்கள் கருமந்தி, சிங்கவால் குரங்கு, சாம்பல் மந்தி, நாட்டுக் குரங்கு என்ற நான்கையும் படத்தோடும் உறவுமுறையோடும் தமிழில் சொல்ல வேண்டும்.

பொதுப்பணியில் ஈடுபட்ட நம் நண்பர்களுக்கு இறுதியாக ஒரு வார்த்தை. உரிமைக்காக வாதாடுகிறவன் முதலில் தன் கட்சிக்காரர் யார் என்று அறிந்துகொள்கிறான். நீலகிரியின் கட்சிக்காரர்கள் யார், அவர்களுடைய பாத்தியதை எத்தனை லட்சம் வருஷத்தது என்பதை நம் தேசத்து ஆராய்ச்சிசாலைகளே இன்று பத்திரமாக எழுதித் தந்திருக்கின்றன. அடுத்த முறை அம்மலைக் காட்டைப் பற்றிய திட்டம் ஒன்று சட்டசபைக்கோ கோர்ட்டுக்கோ வரும்போது, அந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பவர்கள் தமிழ்நாட்டில் இருக்க வேண்டும்.